வளைவுக்கு முன்னால் நிற்கும் கதை

1

இது நானாக எழுத நினைத்த கதை இல்லை. என் அக்கா கேட்டு எழுதுவது. கேட்டு என்றால் அன்பாகக் கேட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். என் பழைய கதை வந்த பத்திரிகையை, மெழுகு படிந்த கையால் என் மேஜைமேல் பொத்தென்று போட்டு, "நீ போட்ட வளைவு, நீயே எடு" என்றாள்.

முதலிலிருந்து சொல்கிறேன். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பல் செட் செய்பவள். வீட்டின் கீழ்த்தளத்தில் அவள் பட்டறை, மேலே என் அறை. நான் வயிற்றுப்பாட்டுக்கு, வீட்டுச் சாமான்களோடு வரும் எச்சரிக்கைத் தாள்களை எழுதுகிறேன். ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி, வாஷிங் மெஷின். ‘ஈரக் கையால் தொடாதீர்கள்’ என்று எதிலாவது நீங்கள் படித்திருந்தால் அதை எழுதியவன் நானாக இருக்கலாம். மிச்ச நேரத்தில் கதை எழுதுவேன். அக்கா மிச்ச நேரத்தில் சைக்கிள் ஓட்டுவாள். அதுவும் எப்போது? ஊரே போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் குளிர்காலத்தில், தூறல் விடாத ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரு வேலையும் இல்லாமல், வெறும் சந்தோஷத்துக்காக.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் அவள் விழுந்தாள். காறை எலும்பு முறிந்து, ஆறு வாரம் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அதைக் கதையாக எழுதினேன். கதையில் அவள் பிழைக்கவில்லை.

அந்தக் கதைக்கு நல்ல பெயர். "வளைவில் கிடந்த இலைகளின் மேல் முன்சக்கரம் ஏறியதும் சாலை அவளைக் கைவிட்டது" என்ற வரியை எடுத்துக் காட்டி மூன்று பேர் கடிதம் போட்டார்கள். அது எந்த வளைவு என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நூலகத்தைத் தாண்டினால் மூடிக் கிடக்கும் பெயிண்ட் கடை, அதை ஒட்டி ஓர் இறக்கம், இறக்கத்தின் அடியில் வளைவு. இருப்பதை இருப்பதுபோல எழுதுகிறவன் என்று எனக்குப் பெருமை வேறு.

கதை வந்த பிறகு அக்கா அந்த வளைவைத் தாண்டவில்லை. இறக்கத்தின் தலைவரை போவாள், சைக்கிளைவிட்டு இறங்குவாள், அதை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். இந்தக் குளிர்காலத்தில் அதை வெளியே எடுக்கவே இல்லை.

"ஒருத்தி மழையில போறா. அந்த வளைவைத் தாண்டுறா. வீட்டுக்கு வர்றா. அவ்வளவுதான் கதை. எழுதிக் குடு, படிச்சிட்டுக் கிளம்பறேன்" என்றாள்.

அவ்வளவுதான் கதை. பத்தொன்பது நாள் ஆகிறது.

2

முதல் ஆரம்பம்:

வழக்கம்போல அவள் காலை ஒன்பதரைக்குக் கிளம்பி —

வெட்டிவிட்டேன். ‘வழக்கம்போல’ என்பது கதைகளில் ஆபத்தான சொல். வழக்கம்போலக் கிளம்பியவர்கள் யாரும் ஒழுங்காக வீடு வந்து சேர்ந்ததாக நான் படித்ததில்லை.

இரண்டாவது:

தூறல் விடுவதாக இல்லை. அவள் ஃபிளாஸ்க்கில் டீயை ஊற்றி, மூடியை இறுக்கித் திருகி, பையின் ஓரத்தில் செருகி —

[ஃபிளாஸ்க்குக்கு இத்தனை சொல் செலவழித்தால் அது உடையும் என்று எதிர்பார்ப்பீர்கள். ஃபிளாஸ்க் தரையில் விழுந்தால் அதை வைத்திருந்தவள் எங்கே?]

மூன்றாவது:

அவளுக்குச் சைக்கிள் என்றால் உயிர்.

இதை எழுதிவிட்டு நானே எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

3

பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டால் கதை நகராது. நனைவதற்கென்றே ஒருத்தி குளிரில் கதவைத் திறந்துகொண்டு போகிறாள் என்பதை, எச்சரிக்கைத் தாள் எழுதுகிறவன் எப்படி நம்புவான்? கீழே இறங்கிப் போய்க் கேட்டேன். அக்கா ஒரு மேல்தாடை அச்சின் மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்துக்கொண்டிருந்தாள்.

"அதுல அப்படி என்னக்கா இருக்கு?"

"முதல் பத்து நிமிஷம் ஒண்ணும் இல்ல. நரகம். கழுத்து வழியா தண்ணி முதுகுல இறங்கும். விரல் வேற யாரோடதோ மாதிரி இருக்கும். பேசாம வீட்டுக்கே போயிடலாம்னு தோணும்."

"அப்புறம்?"

"அப்புறம் உள்ள அடுப்பு பத்திக்கும்." ஒரு கோரைப்பல்லை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "மீதியை நீ எழுது. எனக்கு இன்னிக்கு ரெண்டு செட் குடுக்கணும்."

எழுதினேன்:

ரயில்வே கேட்டைத் தாண்டும்போது அவளுக்கு உடம்பு சூடேறிவிட்டது. மழைக்கோட்டின் கழுத்துக்குள்ளிருந்து ஆவி கிளம்பி மூக்குக்கண்ணாடியை மூடியது. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். [கண்ணாடி இல்லாமல் எப்படிப் பார்ப்பாள்? திரும்ப மாட்டிவிட்டேன்.] தெரு முழுக்க அவளுடையது. நனைந்த தாரில் டயர் ஸ்ஸ் என்று ஓடியது. நாய்கள்கூட வெளியே இல்லை. மூக்கு ஒழுகியது. துடைக்கவில்லை, யார் பார்க்கப்போகிறார்கள்? காலுறைமேல் கட்டியிருந்த பிளாஸ்டிக் பைகள் ஷூவுக்குள் சரசரத்தன. ஜன்னல்களுக்குப் பின்னால் கோப்பையும் கையுமாக நின்றவர்கள் அவளைப் பார்த்து ஐயோ பாவம் என்றார்கள். அவளும் அவர்களைப் பார்த்து அதையேதான் நினைத்தாள். எங்கும் போய்ச் சேர வேண்டியதில்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் வெந்நீரில் கையை விட்டால் விரல்களுக்கு உயிர் வந்து சுள்ளென்று வலிக்கும். அந்த வலிக்காகவே இன்னும் ஒரு சுற்றுப் போகலாம் என்று நினைத்தபடி அவள் நூலகத்தைத் தாண்டி, பெயிண்ட் கடையைத் தாண்டி —

பேனாவை வைத்துவிட்டேன்.

4

அதுவரை எழுதியதை அக்கா படித்தாள். "நல்லாத்தான் இருக்கு. மீதி?"

"ஒரு விவரம் வேணும்க்கா. நீ அந்த வளைவுல விழுந்தப்போ முதல்ல தரையில பட்டது தோளா, கையா?"

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"நான் அந்த வளைவுல விழவே இல்லையேடா."

விவரத்தைக் குறித்துக்கொள்ள எடுத்த பேனாவை மூடினேன்.

"தண்ணித் தொட்டிப் பக்கம் விழுந்தேன். நேர் ரோடு. பள்ளம் இல்ல, இறக்கம் இல்ல, ஒரு ஈ காக்கா இல்ல."

"அப்புறம் எப்படி விழுந்த?"

மெழுகு உருக்கும் அடுப்பை அணைத்தாள். முகம் சிவந்துவிட்டது. "மழை பெருசாச்சு. எனக்கு... எப்படிச் சொல்றது. தாங்கல. கண்ணை மூடிட்டு, அண்ணாந்து, வாயைத் தொறந்து தண்ணி குடிச்சேன். அப்படியே கொண்டுபோய் ஓரக்கல்லுல ஏத்திட்டேன்."

"ஐம்பது வயசுல!"

"அதனாலதான் சொல்லல. சந்தோஷத்துல விழுந்தேன்னு ஆஸ்பத்திரியில எப்படிடா சொல்றது? நீயும் கேக்கல. எல்லாம் கூட இருந்து பாத்த மாதிரி எழுதிட்ட. அதுக்கப்புறம் பல் டாக்டர்ல இருந்து பால்காரர் வரைக்கும், அந்த வளைவுலயா விழுந்தீங்கன்னு பாவமா கேட்டாங்க. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."*

"அப்போ அந்த வளைவுக்கு முன்னாடி ஏன் சைக்கிளை விட்டு இறங்கிடற?"

"அதான்டா எனக்கும் ஆத்திரம் ஆத்திரமா வருது. நான் விழாத இடம் அது. ஆனா அங்க போனா உன் வரி ஞாபகம் வருது, சாலை கைவிட்டுச்சுன்னு. கால் தானா கீழ ஊனிடுது. நெசமா விழுந்த இடத்தைத் தாண்டி எத்தனை தடவை போயிருக்கேன். ஒண்ணுமே தோணல."

ஒருத்தி தனக்கு நடந்ததை விட்டுவிட்டு, நான் நாற்காலியில் உட்கார்ந்து கற்பனை செய்ததை நம்புகிறாள். எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி என்ன வேண்டும்? எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. வளைவு என்றால் எச்சரிக்கை எழுதிவிடலாம்: வேகத்தைக் குறைக்கவும், இலைகளைத் தவிர்க்கவும். சந்தோஷத்துக்கு என்ன எழுதுவது?

* நான் கேட்கவில்லை என்பது உண்மை. ஆஸ்பத்திரியில் அவளுடைய மழைக்கோட்டின் முதுகில் ஓர் இலை ஒட்டியிருந்தது. அந்த ஓர் இலையை வைத்துக்கொண்டுதான் வளைவு முழுவதையும் கட்டினேன்.

5

உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கதையை இரண்டாம் நாளே முடித்திருக்கலாம். முடிவு என் கையில்தான் இருந்தது. நம் மொழியில் வளைவில் செய்வதற்கும் வீட்டுக்கு வந்து சேர்வதற்கும் ஒரே வினைதான். ‘திரும்பினாள்’ என்று ஒரு சொல் போட்டால் போதும், அக்கா வளைவையும் தாண்டிவிடுவாள், வாசலுக்கும் வந்துவிடுவாள்.

வேண்டுமென்றேதான் போடவில்லை. கதை முடிந்தால் அவள் கிளம்பிவிடுவாள். முடியாதவரை சைக்கிள் மாடிப்படியின் அடியில் சாய்ந்திருக்கும், கீழே அவள் பல் ராவுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். குளிர் போக இன்னும் ஐந்து வாரம். இழுத்தடித்தால் ஒரு வருஷம் தப்பித்தேன். இந்தக் கதையில் சொல்லைப் பற்றியும் ஃபிளாஸ்க்கைப் பற்றியும் ஆராய்ச்சி வருகிற இடமெல்லாம் நான் நேரம் கடத்துகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடும்பத்தில் மிஞ்சியிருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்கு ஏதாவது ஆனால் எனக்கு யாரும் இல்லை. இதை அவளிடம் நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது.

ஒப்புக்கு மாற்று முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

அ) இறக்கத்தின் தலையில் அவள் இறங்கிக்கொள்கிறாள். நடந்தே வளைவைத் தாண்டுகிறாள். (பத்திரமான முடிவு. அக்கா கிழித்துப்போடுவாள்.)

ஆ) மழை விட்டு வெயில் வருகிறது. (மழை விட்டா அப்புறம் எதுக்குப் போறது என்பாள்.)

இ) வளைவில் எதிரே ஒரு வேன்

[இல்லை.]

6

இன்று ஞாயிற்றுக்கிழமை. தூறல். பத்து மணிக்கு அக்கா மாடிக்கு வந்தாள். மழைக்கோட்டு போட்டிருந்தாள். ஷூவின் மேல் பிளாஸ்டிக் பையின் ஓரம் எட்டிப் பார்த்தது.

"முடிச்சியா?"

"இன்னும் இல்லக்கா. ஒரு இடம் மட்டும் சரியா வரல."

"எங்க நிக்குது?"

"வளைவுக்கு முன்னாடி."

தாள்களைப் பிடுங்கி நின்றபடியே படித்தாள். எல்லாவற்றையும். ஐந்தாம் பகுதியை ஒளித்து வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குள் அவள் அதற்கு வந்துவிட்டாள். படித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே தூறலை எட்டிப் பார்த்தாள்.

"குளிர் போகட்டும்னு பாத்தியா?"

தலையாட்டினேன்.

"நீ முடிச்சுக் குடுத்தா எனக்குப் பயம் போயிடும்னு நெனச்சேன். உனக்கு என்னைவிட பயமா இருக்கு." தாள்களை அடுக்கி மேஜையில் வைத்தாள். என் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். "பரவால்ல விடு. இவ்வளவு தூரம் கொண்டாந்து விட்டிருக்க. இங்கருந்து நான் பாத்துக்கறேன்."

"அக்கா, கண்ணை மட்டும் மூடாத."

"மூட மாட்டேன்."

மாடிப்படியில் பாதி இறங்கிய பிறகு அவள் குரல் கேட்டது.

"வாயைத் தொறப்பேன்."

7

அவள் போனது பத்து ஐந்துக்கு. வளைவுக்கு இருபது நிமிஷம். தாண்டி, ஏரிக்கரை வழியாக ஒரு சுற்றுச் சுற்றி வர இன்னும் அரை மணி. பதினொன்றுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

இப்போது பதினொன்று பதினெட்டு. தூறல் மழையாகிவிட்டது. ஜன்னல் அருகே கோப்பையும் கையுமாக நிற்கிறேன். யாராவது இப்போது தெருவில் சைக்கிளில் போனால் என்னைப் பார்த்து ஐயோ பாவம் என்பார்கள். டீ ஆறிவிட்டது.

கதைசொல்லிகள் இந்த இடத்தில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிடுவார்கள். மன்னிக்க வேண்டும், உங்களிடம் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்களும் என்னைப்போலக் கதை படித்தே கெட்டுப்போனவர்கள். வளைவு என்று ஒன்று வந்துவிட்டால் அங்கே ஏதாவது நடந்தே தீரவேண்டும் உங்களுக்கு. பதினொன்று பதினெட்டு என்று படித்ததும் உங்கள் மனம் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். என் மனமும் அங்கேதான் போனது. அந்த வளைவில் இதுவரை யாரும் விழுந்ததில்லை என்பது நம் இருவருக்குமே மறந்துவிட்டது.

பதினொன்று இருபத்தைந்து. ஒரு புதுத் தாள் எடுத்தேன்.

சாலை வளைந்தது. அவள்

இதோடு நிறுத்தி, பக்கத்தின் மீதியைக் காலியாக விட்டிருக்கிறேன். ஒரு சொல்தான் பாக்கி. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் அதை அவள்தான் எழுதவேண்டும். தாளைக் கீழே கொண்டுபோய், வாசல் கதவுக்குப் பக்கத்தில், துண்டுக்கு அருகில் வைத்தேன். மேலே ஒரு பேனாவையும் வைத்தேன். பிறகு, ஈரக் கை பட்டால் மை கலைந்துபோகுமே என்று அதை எடுத்துவிட்டு, ஒரு பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.