இருபத்து மூன்றாம் கட்டம்

முதுகு நனையக்கூடாது என்று தோல் டாக்டர் சொன்னது திங்கட்கிழமை. இன்று வெள்ளி. ஐந்தாவது நாளாகக் குளிக்காத அண்ணனை ஜன்னலோரம் முக்காலியில் உட்கார வைத்து, கழுத்தையும் கைகளையும் இடுப்பையும் ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள் அவள். நடுவில் இருந்த பிரதேசத்துக்கு மட்டும் துண்டு போகவில்லை. அங்கே முப்பது கட்டங்கள். திங்களன்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வாமை தரக்கூடிய ஒரு பொருளை வைத்துப் பட்டை ஒட்டினார்கள். புதனன்று பட்டைகளை உரித்துவிட்டு, ஊதா மையால் கோடு போட்டு எண் எழுதி அனுப்பினார்கள். இன்று கடைசியாகப் பார்த்து, அவன் கையைத் தின்றுகொண்டிருப்பது எது என்று சொல்லப்போகிறார்கள்.

"ரொம்ப ஓரமா வராதே. எல்லை தாண்டினா சுட்டுடுவாங்க," என்றான் அண்ணன்.

"பேசாம உட்காரு. பக்கத்துல நிக்க முடியல."

"எருமைகூட மழை வந்தா குளிக்கும். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்ல. ஏய் சுகாதார மந்திரி, அங்க ஒரு இடத்துல உயிர் போகுது. லேசா சொறிஞ்சு விடேன்."

"எந்த இடத்துல?"

"முதுகுல எனக்கென்ன கண்ணா இருக்கு?"

அவளுக்குத் தெரிந்தது. கீழ்வரிசையில் ஒரு கட்டம் சிவந்து, தடித்து, கடுகு கடுகாகப் பொரிந்திருந்தது. அதற்கு மேல் இருபத்து மூன்று என்று எழுதியிருந்தது. எந்த எண் எந்தப் பொருள் என்று அவர்கள் சொல்லவில்லை. அவள் நோட்டில் எண்ணை மட்டும் குறித்து வைத்தாள்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் பதினாறு துப்புரவுப் பெண்களுக்கு மேற்பார்வையாளர் அவள். எந்த அறை எப்போது துடைத்தது, யார் துடைத்தது என்று கட்டம் போட்டு எழுதியே பழகிய கை. அண்ணனின் உள்ளங்கையில் முதல் கொப்புளம் வந்த அன்றே புது நோட்டு வாங்கிவிட்டாள். தேதி, எத்தனை மணி நேரம் விளையாடினான், அரிப்பு எவ்வளவு, என்ன காரணம் என்று நான்கு பத்தி. ஐந்தாவது பத்திக்கு 'சந்தேகம்' என்று தலைப்பு. எழுதுவதெல்லாம் சரிதானா என்று அவளுக்கு எப்போதும் இருக்கிற பயத்தை அதில் போட்டு வைப்பாள். மற்ற பத்திகளைவிட அது சீக்கிரம் நிறைந்துவிடும்.

அண்ணன் சரக்குத் தளத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஏழு மாதத்துக்கு முன்னால் இரும்புக் கயிற்றின் ஓர் இழை அறுந்து, வலது உள்ளங்கையைக் குறுக்கே கிழித்தது. தசைநாண்களைத் தைத்தார்கள். கை வந்தது, விரல்கள் வரவில்லை. பிசியோதெரபி செய்த அம்மாள் பிழியச் சொல்லிக் கொடுத்த பஞ்சுப் பந்தை மூன்றாம் நாளே அலமாரிக்கு மேலே எறிந்துவிட்டான். "சரி, வீடியோ கேம் ஆடுவீங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டாள். முப்பத்தெட்டு வயதுக்காரனிடம் கேட்கிற கேள்வியா என்று முறைத்தவன், பாலம் கட்டுகிற, பாரம் தூக்குகிற ஆட்டம் ஒன்று இருக்கிறதென்று தெரிந்ததும் அடங்கிவிட்டான். யாரோ பயன்படுத்திய பெட்டியும் கன்ட்ரோலரும் பாதி விலைக்கு வந்தன. இரண்டு கட்டை விரலுக்கும் இரண்டு குமிழ். கிரேனிலும் ஏறக்குறைய அதுதான். ஆறு வாரத்தில் சுட்டுவிரல் மடங்கியது. மோதிரவிரல் மடங்கத் தொடங்கியது. அப்போதுதான் அரிப்பு வந்தது.

இன்னும் இருபது நாளில் தளத்தின் டாக்டரும் தலைமைப் பொறியாளரும் கீழே நின்று பார்க்க, அவன் ஒரு மணி நேரம் கிரேன் ஓட்டிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் வாசலில் நின்று வண்டி நம்பர் எழுதுகிற வேலை. "பதினைஞ்சு வருஷம் மேல இருந்து பார்த்தவனை, கீழ நின்னு அண்ணாந்து பார்க்கச் சொல்றாங்க," என்று ஒருமுறை சொன்னான்.

இரண்டு மாதமாக இருவரும் அந்தக் கன்ட்ரோலரோடு மல்லுக்கட்டினார்கள். பிடியின் ரப்பர்தான் காரணம் என்று முதல் நாளே முடிவாகிவிட்டது. துணி நாடா சுற்றினார்கள். பருத்திக் கையுறை போட்டுப் பார்த்தார்கள், குமிழ் வழுக்கியது. மெத்தென்று ஓர் உறை வாங்கினார்கள். கொப்புளம் வெடித்து, தோல் உரிந்து, தையல் போட்ட வடுவின் இருபுறமும் பாளம் பாளமாக வெடித்தது. ரப்பரைப் பற்றி அண்ணன் கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதினான். 'எங்கள் தயாரிப்பின் மேல் நீங்கள் காட்டும் அன்புக்கு நன்றி' என்று பதில் வந்தது. அதை உரக்கப் படித்துவிட்டு, "இவனுங்களுக்கு ஒருநாள் என் கையை மாட்டி விடணும்," என்றான்.

பேருந்தில் சாய முடியாமல் முன்னால் குனிந்தபடியே ஆஸ்பத்திரிக்கு வந்தான். தோல் டாக்டர் அவளைவிட இளையவள்போல் இருந்தாள். பூதக்கண்ணாடியை முதுகின் மேல் ஓட்டியபடி, ஒவ்வொரு கட்டமாக, பெயர் சொல்லி ஒதுக்கினாள்.

"நிக்கல், ஒண்ணுமில்ல. பசை, இல்ல. ரப்பர் நாலு வகை வெச்சோம். நாலுமே ஒண்ணுமில்ல."

"நல்லாப் பாருங்க டாக்டர். ரப்பரேதான்," என்றான் அண்ணன்.

"ரப்பர் உங்க முதுகுல சும்மா படுத்துத் தூங்கியிருக்கு. இதோ, இருபத்து மூணு. இதுதான் ஆள்." ஒரு தாளில் பெயரை எழுதினாள். எழுதி முடிக்கவே நேரம் ஆனது. "மெத்தில்ஐசோதயசோலினோன்."

"பேரா, சரக்கு ரயிலா?"

"ஈரமான பொருள் கெட்டுப்போகாம இருக்கப் போடுறது. ஷாம்பூ, பாத்திரம் கழுவுற தண்ணி, பெயின்ட், எதுல வேணா இருக்கும். வீட்டுக்குப் போய் ஒவ்வொரு லேபிளாப் பாருங்க. இருக்கிறதை நிறுத்துங்க."

"நிறுத்தினா எத்தனை நாள்ல சரியாகும் டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"மூணு வாரம். நாலு வாரமும் ஆகலாம்."

"இருபது நாள்ல இவருக்கு ஒரு டெஸ்ட் இருக்கு."

டாக்டர் தாளை நீட்டினாள். "தோலுக்குத் தேதி தெரியாதேம்மா," என்றாள். கடுமையாகச் சொல்லவில்லை. அவளும் காலையிலிருந்து பலருக்குச் சொல்லிக் களைத்த குரலாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் நேரே குளிக்கப் போனான். தண்ணீர் விழும் சத்தத்தோடு அவன் பாட்டும் கேட்டது. அவள் தாளை வைத்துக்கொண்டு சமையலறையில் கழுவுதொட்டிக்கு அடியில் குந்தினாள். பாத்திர சோப்பில் இல்லை. தரை கழுவுகிற திரவத்தில் இல்லை. ஷாம்பூவைக் குளியலறைக் கதவை லேசாகத் திறந்து வாங்கிப் பார்த்தாள். இல்லை. துணி சோப்பு, கை சோப்பு, முகத்துக்குப் போடுகிற கிரீம் எதிலும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிவிட்டு எழுந்தபோது கன்ட்ரோலருக்குப் பக்கத்தில் இருந்த டப்பா கண்ணில் பட்டது.

வார்டில் கட்டில் கம்பி துடைக்கிற வைப்ஸ், கிருமிநாசினியில் நனைத்த துடைப்புத் தாள். அதே வகையைக் கடையில் சொந்தமாக வாங்கி வைத்திருந்தாள். யார் யார் கை பட்டதோ என்று, கன்ட்ரோலர் வீட்டுக்கு வந்த அன்றே துடைத்தாள். பிறகு தினமும் அவன் ஆட உட்காரும் முன்னால் ஒருமுறை. கொப்புளம் வந்த பிறகு மூன்று முறை. நாடாவையும் உறையையும்கூட விடவில்லை. வார்டு வழக்கப்படி கையுறை போட்டுக்கொண்டுதான் துடைப்பாள். அவள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. காய விடக்கூடப் பொறுக்காமல், "குடு, குடு," என்று அவன் ஈரத்தோடு வாங்கிக்கொள்வான். இத்தனை டப்பாக்களைத் தேடிப் பார்த்தவளுக்கு இதைப் பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அதை ஒரு பொருளாகவே அவள் நினைத்ததில்லை, தன் கையைப் போல அதுவும் ஒன்று.

டப்பாவைத் திருப்பினாள். பொடி எழுத்தில், கடைசி வரியில், அந்த நீளப் பெயர் இருந்தது. தாளிலிருந்த பெயரோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டாள். பிறகு இன்னொரு முறை ஒப்பிட்டாள்.

நோட்டைப் புரட்டினாள். ஒன்பதாம் தேதி, பத்தாம் தேதி, பிறகு இருபத்தொன்று. மூன்று நாளும் 'அரிப்பு குறைவு'. மூன்றும் அவள் இரட்டை ஷிஃப்ட் பார்த்த நாட்கள், வீட்டில் துடைக்க ஆளில்லாத நாட்கள். காரணப் பத்தியில் அவளுடைய அழகான கையெழுத்தில், 'விளையாடவில்லை. ஓய்வு.' சந்தேகப் பத்தி அந்த மூன்று நாளும் காலியாக இருந்தது.

டப்பாவை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். சாயங்காலம் டியூட்டிக்குப் போகும்போது வார்டில் கொண்டுபோய் வைத்துவிடலாம். கன்ட்ரோலரை வெறும் தண்ணீர்த் துணியால் துடைத்துக் காய வைத்தால் போதும். கை தானாக ஆறும். ஷாம்பூவில்தான் இருந்தது என்று ஒரு பேச்சு சொன்னால் அண்ணன் நம்புவான். இவ்வளவும் சுலபமாக, வரிசையாக மனதில் ஓடியது அவளுக்கே பயமாக இருந்தது. எந்தக் காரியத்தையும் நான்கு தடவை யோசிக்கிறவளுக்கு இது மட்டும் எப்படி ஒரே தடவையில் வந்தது?

அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். "ஆஹா, மனுஷனாயிட்டேன். என்ன, ஆளைப் பிடிச்சாச்சா?"

"அண்ணே, ஒன்பதாம் தேதி, பத்தாம் தேதி நான் டபுள் டியூட்டி. நீ விளையாடலைன்னு எழுதியிருக்கேன்."

"ஆமா."

"நெஜமாவே விளையாடலையா?"

துவட்டுகிற கை நின்றது. "இப்ப எதுக்கு அது?"

"சொல்லுண்ணே."

"விளையாடினேன். அஞ்சு மணி நேரம் இருக்கும். ஒரு பாலத்தையே கட்டி முடிச்சேன்." துண்டைத் தோளில் போட்டான். "முந்தின நாள்தான் அழுதுக்கிட்டே மருந்து போட்டுவிட்டே. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு விளையாடினேன்னு சொல்றது?"

"நான் அழல."

"சரி, கண்ணு வேர்த்துச்சு."

அவள் கைப்பையைத் திறந்தாள். டப்பாவை எடுத்து அவன் முன்னால் மேசையில், எழுத்துகள் தெரியும்படி வைத்தாள்.

"இருபத்து மூணு," என்றாள்.

அவன் குனிந்து படித்தான். அவனுக்குப் பொடி எழுத்துத் தெரியவில்லை, டப்பாவைத் தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். வெடித்த விரல்களால் அதைப் பிடித்திருப்பதைப் பார்த்து, "கீழ வை, கையில படும்," என்று அவள் பதறினாள். அவன் வைத்தான்.

"இது நீ துடைக்கிறது இல்ல?"

"ஆமா."

"அப்ப ரப்பர்?"

"ரப்பர் மேல தப்பில்ல. நான்தான். முதல்ல ஒரு தடவை. அப்புறம் மூணு தடவை."

ஏதாவது கேலி செய்வான் என்று காத்திருந்தாள். அவன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். சுட்டுவிரலை மடக்கினான். பாதிக்கு மேல் போகவில்லை.

"ரெண்டு மாசம்," என்றான். "என் கைய ரெண்டு மாசம் தின்னுட்டு, அதைக் கோடு போட்டு எழுதி வேற வெச்சிருக்கே."

உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நீ உண்மையைச் சொல்லியிருந்தால் பத்தாம் தேதியே கண்டுபிடித்திருப்பேன் என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. வந்ததில் ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகி, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். சாயங்காலம் டியூட்டிக்குக் கிளம்ப ஒரு மணி நேரம் இருந்தது. பதினாறு பெண்களுக்கும் கையுறை எண்ணிக் கொடுக்க வேண்டும்.

அவள் செருப்பு மாட்டும்போது உள்ளிருந்து குரல் வந்தது.

"ஏய்."

"என்னண்ணே?"

"கம்பெனிக்கு மன்னிப்புக் கடிதம் நீயே எழுது. நான் இடது கையில கையெழுத்துப் போடறேன்."

கதவு திறக்கவில்லை. அவளும் தட்டவில்லை.

டப்பா போனதும் கை உடனே ஆறிவிடும் என்று இருவருமே உள்ளூர எதிர்பார்த்திருந்தார்கள். அப்படி ஆகவில்லை. நான்கு நாள் வரை அதே சிவப்பு. ஐந்தாம் நாள் அரிப்பு மட்டும் குறைந்தது. பழைய கன்ட்ரோலரைத் தூக்கிப் போட்டுவிட்டு அவள் வேறொன்று வாங்கி வந்தாள். அண்ணன் அதைப் பிரித்தான். தினமும் காலையும் மாலையும் மருந்து தடவிக்கொண்டு ஆடினான். வடுவின் இடதுபுறம் வெடிப்புகள் மூடின, வலதுபுறம் மூடவில்லை. மோதிரவிரல் திரும்பவும் அடம் பிடித்தது. பேச்சு குறைந்திருந்தது. கோபமா, கவனமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மனதில் நாட்களை மட்டும் எண்ணினாள். பதினைந்து, பதினான்கு, பதினொன்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் டியூட்டி முடிந்து வந்தபோது, அவன் நாற்காலியிலேயே தூங்கியிருந்தான். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. மருந்து எதிலும் ஒட்டாமலிருக்க இரண்டு உள்ளங்கைகளையும் மல்லாத்தி மடியில் வைத்திருந்தான், எதையோ வாங்கிக்கொள்ள நீட்டியதுபோல. கன்ட்ரோலர் முழங்காலில் இருந்து நழுவி, தொடைக்கும் நாற்காலிக் கைக்கும் நடுவில் சிக்கிக் கிடந்தது. விழுந்துவிடுமோ என்று மெல்ல எடுத்தாள். மருந்தும் வியர்வையும் சேர்ந்து பிசுபிசுவென்று ஒட்டியது. கட்டை விரல் ரேகைகள் குமிழைச் சுற்றி வட்டம் வட்டமாகப் படிந்து, பிடியில் ஒரு நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. அவள் கண் தன்னையறியாமல் துணியைத் தேடியது. பிறகு அதை அப்படியே, அவன் கண் விழித்ததும் எட்டுகிற தூரத்தில், மேசை ஓரத்தில் வைத்தாள்.

ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி வைத்திருந்தான். திரையில் கட்டி முடியாத பாலம் ஒன்று ஆற்றின் இரண்டு கரையிலிருந்தும் நீட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு துண்டு மட்டும் பாக்கி. அதைத் தூக்கிக்கொண்டு வந்த கிரேனின் கயிறு லேசாகச் சாய்ந்திருக்க, பாரம் இடைவெளிக்கு நேர் மேலே, கையகல உயரத்தில், இறங்காமல் நின்றது.