ஒரு கிலோ கேமரா

அந்த வாரத்தில் நான்காவது முறையாகத் தோகிகோ என் கடைக்கு வந்தாள். ஜப்பானின் மலையூரான மாட்சுமோட்டோவில் நான் பழைய கேமராக்கள் விற்கிறேன். அவள் மலைமுகடுகளை ஒரே நீளப் படமாக எடுப்பவள், வயது ஐம்பத்தாறு. அவளுடைய பழைய கேமரா, லென்ஸ்கள், முக்காலி எல்லாம் சேர்ந்து பதினோரு கிலோ. அதில் பாதியைக் கணவர் யசுஹேய் இருபது வருஷமாகச் சுமந்து வந்தார்.

மேசையில் இரண்டு கேமராக்கள். ஒன்று துருத்தி வைத்த மடக்கு மரக் கேமரா. பின்கண்ணாடியில் காட்சி தலைகீழாகத் தெரியும். லென்ஸ்களோடு ஐந்து கிலோ. மற்றது வெறும் பிளாஸ்டிக் பெட்டி, ஒரே லென்ஸ். தூரத்தை உத்தேசமாகக் கணக்கிட்டு வளையத்தைத் திருப்ப வேண்டியதுதான். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம்.

"சோப்பு டப்பா மாதிரி இருக்கு" என்றாள்.

"டப்பாதான். ஆனா காத்துல ஆடாது."

"கண்ணாடில பாக்காம எப்படி? கண்ணக் கட்டிக்கிட்டு சமைக்கிற மாதிரி."

எடுத்தாள், வைத்தாள், ஜன்னல்வரை போனாள், திரும்பி வந்தாள்.

"யசுஹேயையும் கூட்டிட்டு வாங்களேன். சுமக்கப்போறது அவர்தானே?" என்றேன்.

"அவருக்குத் தெரியாது" என்றாள். "நான் தனியாப் போகணும். பின்னாடி அவர் மூச்சு வாங்குறது கேட்டாலே, சீக்கிரம் முடிக்கணும்னு கை பதறுது. இத்தனை வருஷத்துல ஒரு வெளிச்சத்துக்குக்கூட நான் முழுசாக் காத்திருந்ததில்ல."

மறுநாள் யசுஹேயே வந்து நின்றார்.

"என் பொண்டாட்டி தினம் இங்க வந்து எதைப் பாக்குறா?"

மேசையைக் காட்டினேன். பெட்டியை ஒரு கையால் தூக்கினார். முகம் மாறிவிட்டது.

"இதுக்கு நான் எதுக்கு?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

சனிக்கிழமை தோகிகோ வந்தாள்.

"ரெண்டு நாளாப் பேச்சில்ல. இன்னிக்குக் காலைல மிசோ சூப்பக் குடிச்சிட்டே, 'மரத்துல ஆனதை வாங்கு, அதுன்னா நான் வரலாம்'னார்."

"வாங்குறீங்களா?"

அவள் பிளாஸ்டிக் பெட்டியைப் பையில் வைத்தாள். ஜிப் பாதியில் சிக்கியது. நான்தான் இழுத்துவிட்டேன்.

அக்டோபர் கடைசியில் தனியாக மலையேறி, மூன்றாம் நாள் இரண்டு ஃபிலிம் சுருள்களோடு நேராகக் கடைக்கு வந்தாள். சுருளுக்கு நாலே படம்.

"ஒரே பாறைல ரெண்டரை மணி நேரம் உக்காந்திருந்தேன்" என்றாள். வெளியே வண்டியில் யசுஹேய், இன்ஜினை நிறுத்தாமல் காத்திருந்தார். "பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டார். ஒரு வார்த்தை கேக்கல."

அன்றிரவே படங்களைக் கழுவி வைத்தேன். மறுநாள் இருவரும் வந்தார்கள். எட்டில் ஐந்து படங்களில் முகடு பாதி வெட்டுப்பட்டிருந்தது. இரண்டு மங்கல். மிஞ்சிய ஒன்றை யசுஹேய் வெளிச்சத்துக்கு நேரே வெகுநேரம் பிடித்திருந்தார். மேகம் விலகிய ஒரு நொடியில், முகடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கிடந்தது.

"கொஞ்சம் சாஞ்சிருக்கு" என்றார்.

"தெரியும். அடுத்த வாரம் மறுபடி போறேன்."

அவர் படத்தை மெதுவாக உறைக்குள் போட்டார்.

"திரும்புற பஸ்ஸு எத்தனை மணிக்கு?"