கார்டில் இல்லாத வீடு

எனக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது, கோபம் மட்டும்தான் தெரியும் என்று எங்கள் வீட்டில் கேலி செய்வார்கள். அது பாதிதான் உண்மை. பயம் வந்தால் நான் கோபப்பட ஆரம்பித்துவிடுவேன், அவ்வளவுதான். அன்றைக்கு மத்தியானம் நான் ஆஸ்பத்திரியில் போட்ட சத்தத்தைக் கேட்டவர்கள், இந்த ரசியாவுக்கு எதற்கு இப்படித் தலைக்கேறுகிறது என்று நினைத்திருப்பார்கள். நான் பயந்துபோயிருந்தது அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

வில்லியனூர்ப் பக்கம் சின்ன சர்க்கார் ஆஸ்பத்திரி எங்களுடையது. நான் அங்கே சீட்டு எழுதுகிறவள். வில்லியனூர் கொம்யூன், பாகூர் கொம்யூன் என்ற இரண்டு வட்டாரத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆம்புலன்ஸ் வண்டி, அதற்கு சூசைநாதன் டிரைவர். அந்த வண்டியை யாராவது போனில் கூப்பிட்டால் விலாசத்தை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வோம். என்ன விலாசம் சொல்வார்கள் என்கிறீர்கள்? "மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால, மாட்டாஸ்பத்திரி தாண்டி, வேலம்மாள் வூட்டுக்கு எதிர் வூடு." வேலம்மாள் யார் என்று கேட்டால் அவர்களுக்குக் கோபம் வரும். அதைக்கூடத் தெரியாதா என்பார்கள். அப்படித்தான் ஒருமுறை பாம்பு கடித்தவர் ஒரு தெருவில் கிடக்க, வண்டி இன்னொரு தெருவில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா புது ரோடு மேப் ஒன்றை வாங்கிவந்து சுவரில் மாட்டினார். எண்பத்து மூன்றாம் வருஷம் அது. ரோடு ரோடாக நம்பர் போட்ட பெரிய மேப். நோட்டில் இருந்த பழைய விலாசங்களையெல்லாம் அந்த மேப்போடு ஒப்பிட்டுப் பார்த்து, எந்த விலாசம் எந்தக் கட்டத்தில், எந்த ரோட்டில், எத்தனையாவது வீடு என்று கண்டுபிடிக்கும் வேலை எனக்கும் சானிட்டரி இன்ஸ்பெக்டர் சிங்காரவேலுவுக்கும் வந்தது. முழுகாமல் இருக்கும் பெண்களுக்கு முதலில் செய்யச் சொன்னார். ஆளுக்கு ஒரு கார்டு, அதன் நகல் எங்கள் பெட்டியில், கார்டுக்கு ஒரு நம்பர். போனில் அந்த நம்பரைச் சொன்னால் போதும், பேர் வேண்டாம், வேலம்மாள் வேண்டாம். நல்ல யோசனை. நான் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். கால் வலிக்க வலிக்கத் தெருத் தெருவாக நடந்து வீடுகளை எண்ணி மேப்பில் குறித்தோம். ஒரு வீடுகூடத் தப்பாக இல்லை.

என் தம்பி ஹபீப் முகமதுவின் பெண்டாட்டி அஸ்மாவுக்கும் கார்டு போட்டேன். அப்போது அவளுக்கு நாலாம் மாதம். நாங்கள் திருபுவனையிலிருந்து உள்ளே போகும் ஒரு ஊரில் இருந்தோம். அத்தா, தம்பி, அவன் பெண்டாட்டி, புருஷன் போன பிறகு பிறந்த வீட்டுக்கே திரும்பிய நான். கார்டை அவள் கையில் கொடுத்து, "ஒண்ணும் பேச வேணாம்டி. நாப்பத்தேழுன்னு சொல்லு, வண்டி வாசல்ல வந்து நிக்கும்" என்றேன். அவள் சிரித்தாள். "இன்னாக்கா, சினிமா டிக்கெட்டா?" என்றாள். ஏழாம் மாதம் பாகூரிலிருந்து அவள் அம்மா ஆமினா பீவி மாமி வந்து, வளையல் போட்டு, தலைப்பிரசவத்துக்கு அவளை அழைத்துக்கொண்டு போனார். கார்டும் அவள் பெட்டியில் போனது.

அன்றைக்கு நான் பின்கட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தேன். சிங்காரவேலு கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ரசியாம்மா, மொத நம்பர் வந்துருச்சு. ஒரு பொம்பள பேசுச்சு. நம்பரச் சொல்லுச்சு, வச்சிருச்சு. சீட்டு எழுதி சூசைநாதன் கைல குடுத்தேன். வண்டி பறந்துருச்சு. முன்னன்னா வேலம்மாள் யாருன்னு கேக்கவே அரை மணி ஆயிருக்கும்."

"எந்த ஊருக்கு சார்?"

அவர் சீட்டின் நகலை நீட்டினார். ஊர் பேர் இல்லை. ஐந்தாம் கட்டம், ஒன்பதாம் ரோடு, இடது கை நாலாவது வீடு. அந்த வீட்டை நான் எண்ணவே தேவையிருக்கவில்லை. அது எங்கள் வீடு.

அத்தாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று முதலில் நினைத்தேன். அவருக்கு நெஞ்சு வலி உண்டு. பிறகு, அத்தாவுக்கு ஏது நம்பர் என்று புத்தி வந்தது. "என்னா நம்பர் சார்?" என்று கேட்டேன்.

"நாப்பத்தேழு. ஏன்மா?"

அஸ்மாவுக்கு இன்னும் நாள் இருந்தது. நாள் இருக்கும்போது யாரும் வண்டியைக் கூப்பிட மாட்டார்கள். வலி மட்டும் என்றால் பாகூரில் மருத்துவச்சி இருக்கிறாள். வண்டியைக் கூப்பிடுகிறார்கள் என்றால் வேறு ஏதோ. அந்த வேறு ஏதோ என்ன என்று பிரசவச் சீட்டு எழுதுகிறவளுக்குத் தெரியாதா? அவள் பாகூரில் கிடக்கிறாள். வண்டி மேற்கே, பூட்டின வீட்டுக்கு ஓடுகிறது. அத்தா சந்தைக்குப் போயிருந்தார். ஹபீப் திருபுவனை ஃபேக்டரியில் காலை ஷிப்ட். வண்டி போய்க் கதவைத் தட்டும், அக்கம்பக்கம் விசாரிக்கும், ஒன்றும் புரியாமல் நிற்கும். அதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம்.

"அது எங்க வூடு சார். அஸ்மா அங்க இல்ல. அவ அம்மா வூட்டுல இருக்கா" என்று கத்தினேன்.

சிங்காரவேலுவின் முகம் வெளிறியது. "கார்டுல அப்படி இல்லியேமா" என்றார். நான் அவரைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. பாவம், அவர் நல்ல மனுஷர். கார்டில் எழுதியிருந்தது என் கையெழுத்து.

பாகூரில் அவர்கள் எந்தக் கடையிலிருந்து பேசினார்கள் என்று தெரியாது. வண்டியைத்தான் பிடித்தாக வேண்டும். திருபுவனை பஸ் நிறுத்தத்தில் ஷேக் மைதீன் மளிகைக்கடையில் போன் இருந்தது. வண்டி அந்தக் கடையைத் தாண்டித்தான் உள்ளே திரும்ப வேண்டும். எக்சேஞ்சில் லைன் கேட்டேன். இருங்க என்றார்கள். அந்த இருங்க முடிவதாக இல்லை. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஒருவழியாக மணி அடித்தது.

"யாரு, ரசியாவா? அத்தா எப்படிமா இருக்காரு? போன வாரம் வந்தாரு, பருப்பு வேணும்னு..."

"மாமு, பருப்ப வுடுங்க. எங்க ஆஸ்பத்திரி வண்டி அந்தப் பக்கம் போயிருச்சா?"

"இல்லியேமா. போனா சத்தம் கேக்குமே."

"ரோட்டுல போய் நின்னு அத நிறுத்துங்க. அஸ்மா உசுரு மாமு. போன வைக்காதீங்க, டிரைவரக் கூட்டியாந்து பேச வைங்க."

அவர் போனைப் பெட்டி மேல் வைத்த சத்தம் கேட்டது. அப்புறம்தான் எனக்கு அடுத்த பயம் பிடித்தது. சூசைநாதன் நிறுத்த மாட்டான். ரோட்டில் கை காட்டுகிறவர்களை ஏற்றிக்கொண்டு போகிறான் என்று புகார் வந்து, போன மாதம்தான் அவனுக்கு மெமோ கொடுத்தார்கள். சந்தைக்குப் போகிறவர்கள், மூட்டை வைத்திருப்பவர்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அந்த வண்டிதான் பஸ். மெமோவுக்குப் பிறகு அவன் யார் கை காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். ஷேக் மைதீன் மாமு தொந்தியும் தொப்பியுமாக நடுரோட்டில் கையை ஆட்டினால், சந்தைக்குக் கிளம்பிய கிழவர் என்றுதான் நினைப்பான்.

காதில் ரிசீவரை அழுத்திக்கொண்டு நின்றேன். லாரி போனது. யாரோ வெற்றிலை கேட்டார். பிறகு தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம். அது வளர்ந்தது. அது மட்டும்தான் இப்போது உலகத்தில் இருந்தது. கிட்டே வந்தது. குறையாமல் அப்படியே தாண்டிவிடும் என்று பற்களைக் கடித்துக்கொண்டேன். அதே சமயம் வேறொரு சத்தம், சைக்கிள் மணிகள். ஒன்று இரண்டல்ல, ஒரு கூட்டமே. ஷிப்ட் விடுகிற நேரம். ஃபேக்டரி ஆட்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு வருவார்கள். "சைக்கிளக் குறுக்கால போடுங்கடா, பொம்பள உசுருடா" என்று மாமுவின் குரல் கேட்டது. அந்த மனிதருக்கு அப்படி ஒரு தொண்டை இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இரும்பு விழும் ஓசை, ஹாரன், பிரேக். பிறகு ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் வண்டி யார் மேலோ ஏறிவிட்டது என்றே நான் முடிவு செய்துவிட்டேன்.

"எவன்யா போன்ல?" என்று சூசைநாதனின் குரல் வந்தது. கோபத்தில் மூச்சு வாங்கியது.

"நான்தான்டா, ரசியா. நீ போறது எங்க வூடு. அங்க யாரும் இல்ல. அஸ்மா பாகூர்ல இருக்கா. திரும்பி வா, நான் ரோட்டுல நிக்கிறேன், வழி சொல்றேன்."

"சீட்டுல..."

"சீட்டக் கிழிச்சுப் போடு."

வண்டி வந்தபோது முன் சீட்டில் ஹபீப் உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் கிரீஸ். முதல் சைக்கிளைப் போட்டவனே அவன்தானாம். யாருடைய உயிர் என்று அப்போது அவனுக்குத் தெரியாது. நான் பின்னால் ஏறிக்கொண்டேன். கரிக்கலாம்பாக்கம் வழியாகப் போனோம். எங்கள் கொம்யூன்கள் துண்டு துண்டாகக் கிடப்பதால் நடுநடுவே தமிழ்நாட்டு எல்லை வரும். எங்கள் மேப்பில் அந்த இடமெல்லாம் வெறும் வெள்ளை. வெள்ளையைத் தாண்டி, நெல் வயலைத் தாண்டி, மறுபடி வெள்ளையைத் தாண்டி ஓடியது வண்டி. பாகூர் ஏரி தெரிந்தபோது ஹபீப் திரும்பி, "அக்கா, இருப்பாளா?" என்று கேட்டான். ஏரிக்கரையில் திரும்பு என்று சூசைநாதனிடம் சொன்னேன்.

வாசலிலேயே கூட்டம். ஆமினா பீவி மாமி தலையில் முக்காடு இல்லாமல் தெருவில் நின்றார். அவரை அப்படி யாரும் பார்த்ததில்லை. உள்ளே அஸ்மா பாயில் கிடந்தாள். அடியில் மடித்துப் போட்ட புடவை அத்தனையும் நனைந்திருந்தது. உதட்டில் நிறமே இல்லை. அவளைத் தூக்கும்போது அவள் கை என் கையில் பட்டது. ஜில்லென்று இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வண்டியில் மாமி என் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மில்லு போன்ல நானேதான் பேசுனேன் ரசியா. வாழ்க்கையில மொத தடவ போனு பேசுறேன். நம்பரச் சரியாத்தானே சொன்னேன்? அந்த ஆளு இன்னாமோ கேக்க வந்தாரு, வேற ஒண்ணும் சொல்ல வேணாம்னு நீதானேம்மா சொல்லி வுட்ட, அதான் வச்சுட்டு ஓடியாந்துட்டேன்."

"சரியாத்தான் சொன்னீங்க மாமி" என்றேன். டவுன் ஆஸ்பத்திரி வரைக்கும் அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

உள்ளே கொண்டுபோனார்கள். கதவு சாத்தினார்கள். ரத்தம் வேண்டும் என்று ஓடி வந்து கேட்டார்கள். ஹபீப்புடையது சேரவில்லை. சூசைநாதனுடையது சேர்ந்தது. கொடுத்துவிட்டு வந்து, மெமோ வாங்கியவன் ரத்தம் ஏறினால் பிள்ளை அடங்காதே என்றான். யாரும் சிரிக்கவில்லை. பொழுது சாயும் நேரத்துக்கு ஒரு நர்ஸ் வந்து, பெண் குழந்தை, அழுவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது, இப்போது அழுகிறது என்றாள். அம்மா எப்படி என்று கேட்டோம். கண் திறந்தாள் என்றாள். இன்னும் தாமதமாகியிருந்தால் என்று அவள் ஆரம்பித்ததும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். எனக்கு அதைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு வந்ததும் கார்டுப் பெட்டியைத் திறந்தேன். நாள் நெருங்கியவர்களின் கார்டுகளை மட்டும் எடுத்துப் பார்த்தேன். காசம்மாள், வில்லியனூர், தலைப்பிரசவம். வீராம்பட்டினத்தில் அவள் பிறந்த வீடு, அது கார்டில் இல்லை. இன்னொருத்தி, திருபுவனை, தலைப்பிரசவம். அம்மா வீடு நல்லவாடு. அடுத்தவளுக்கு அம்மா வீடு எங்கே என்றே எனக்குத் தெரியவில்லை. எல்லாக் கார்டும் சுத்தம். கட்டம் சரி, ரோடு சரி, வீடு சரி. அந்த வீடுகளில் மாமியார் இருப்பாள், புருஷன் இருப்பான். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறவள் மட்டும் இருக்க மாட்டாள். இந்த வழக்கத்தில் பிறந்து வளர்ந்த நாங்கள் ஒருத்தர்கூட இதை யோசிக்கவில்லை. டாக்டரம்மாவே போன வருஷம் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய் வந்தவர்தான்.

சிங்காரவேலு எதிரில் நின்றார். "எல்லார் வூட்டுக்கும் போயி அம்மா வூடு எங்கன்னு கேட்டுட்டு வந்துடலாம்மா, இன்னிக்கே கெளம்புறேன்" என்றார். சைக்கிள் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அப்போது போன் அடித்தது.

எடுத்தேன். ஒரு பெண் குரல், வயசானது, அவசரமானது. "இருபத்திரெண்டு" என்றது.

"வைக்காதீங்க" என்று கத்தினேன். "அல்லா மேல ஆணை, போன வைக்காதீங்க."

வைத்துவிட்டாளா, இருக்கிறாளா என்று தெரியவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"பொண்ணு எங்க இருக்கா? புருஷன் வூட்டுலயா, அம்மா வூட்டுலயா?"

"இன்னாமா கேள்வி இது" என்றது அந்தக் குரல். "அம்மா வூட்டுலதான். வேற எங்க இருப்பா?"