அப்பா முதலில் உட்காரட்டும்

சிட்டுவின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சீட்டில் நாலே வரிதான் இருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கண் பரிசோதனை செய்து வெள்ளிக்கிழமைக்குள் சான்று கொண்டுவர வேண்டும். அந்த நாலு வரியையும் அவள் அப்பாவான வேன்காரரால் படிக்க முடியவில்லை. மனைவிதான் படித்துச் சொன்னாள்.

"சிட்டுவ நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க. எனக்கு லீவு குடுக்க மாட்டாங்க" என்றாள். அவர் தலையாட்டினார். வேறென்ன செய்ய?

எட்டு மாதமாகவே அவருக்குப் பார்வையின் நடுவில் ஓர் அழுக்கு. கட்டைவிரலால் மையைத் தேய்த்துவிட்ட மாதிரி, எதைப் பார்த்தாலும் அது முன்னால் வந்து நிற்கும். ஓரத்தில் இருப்பது தெரியும், நேரே இருப்பது தெரியாது. கண்ணாடிக் கடைக்காரர் ஐந்தாறு கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது கண்ணாடியில அடங்காதுங்க, சீக்கிரமா டாக்டரப் பாருங்க" என்று ஆரம்பத்திலேயே சொன்னார். மனுஷன் கேட்டால்தானே! டாக்டர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் முதலாளி வேன் சாவியை வாங்கிக்கொள்வார். பத்தொன்பது வருஷமாகத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். விஷயம் மனைவிக்கு மட்டும் தெரியும். அவளும் வாயைத் திறக்கவில்லை. ஆக, பதினாலு பிள்ளைகளைக் காலையில் ஏற்றுவதும் மாலையில் இறக்குவதுமாகக் காலம் ஓடியது. முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே ஓட்டுவார். அவருக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாள் ஆறரைக்கு வண்டியை எடுத்துவிடுவார்.

கண் மருத்துவமனையில் கூட்டமான கூட்டம். சிட்டு அவர் சட்டைக் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. ஏழு வயது.

"வேணாம்ப்பா. வீட்டுக்குப் போயிடலாம்."

"ஊசியெல்லாம் போட மாட்டாங்கடா தங்கம். சுவத்துல படம் காட்டுவாங்க. என்ன படம்னு சொல்லணும், அவ்வளவுதான்."

"வேணாம்னா வேணாம்ப்பா!"

அவருக்கு எரிச்சலாக வந்தது. காய்ச்சலுக்கு ஊசி போட்டபோதுகூட மூக்கை உறிஞ்சாத பிள்ளை இது. படம் பார்க்கிறதற்கு இத்தனை அடமா? பெயர் கூப்பிட்டதும் தூக்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருந்தது.

உள்ளே பரிசோதிக்கிற பெண் சின்ன வயசுக்காரி, நல்ல பொறுமைசாலி. கண்ணை மூடுகிற கறுப்புக் கரண்டியைச் சிட்டுவின் கையில் கொடுத்து விளையாடச் சொன்னாள். சிட்டு அதை வாங்காமல் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டாள். விசும்பல் நிற்கவில்லை. அந்தப் பெண் இதைப் போல எத்தனை பார்த்திருப்பாள்!

"சரி, நீ உட்கார வேணாம். அப்பா முதல்ல உட்காரட்டும். அவருக்கு வலிக்குதான்னு பார்த்துட்டு நீ சொல்லு."

வேன்காரருக்குத் திக்கென்றது. "எனக்கெதுக்கும்மா? சீட்டு பிள்ளைக்குத்தானே?"

"இது கணக்குல வராது சார், சும்மா. நீங்க உட்கார்ந்தா அவளும் உட்காருவா."

மறுக்க என்ன இருக்கிறது? உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடினார். எதிர்ச் சுவரில் வெள்ளைப் பலகை, அதில் வரிசை வரிசையாகப் படங்கள். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த பெரிய படத்தை ஓரக்கண்ணால் பிடித்துவிட்டார்.

"வீடு."

"சூப்பர் சார். அடுத்தது?"

அடுத்தது அழுக்குதான். தலையைச் சற்றுத் திருப்பினார். வளைவாக ஏதோ ஒன்று, கீழே ஒரு காம்பு.

"காளான்."

"அதுக்குப் பக்கத்துல?" என்றாள் அந்தப் பெண், கொஞ்சம் மெதுவாக.

"யானை" என்றார். கழுத்தில் வேர்வை இறங்கியது.

"சார்...?"

அவள் அருகில் வந்து அவர் கண்ணை உற்றுப் பார்க்கக் குனிந்தபோது, பின்னாலிருந்து சிட்டு கலகலவென்று சிரித்தாள். "அய்யோ அப்பா! அது குடை! அது டீ கப்பு! யானையாம்!"

அவ்வளவுதான். அந்தப் பெண்ணும் விழுந்து விழுந்து சிரித்தாள். "அடப் பாவமே, நான்கூட ஒரு நிமிஷம் பயந்துட்டேன் சார்! நீ வந்து அப்பாவுக்குச் சொல்லிக் குடு பார்ப்போம்."

சிட்டு அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள். வாத்து, படகு, சாவி, நிலா என்று கடைசி வரியில் எறும்பு மாதிரி இருந்த படங்கள் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள். இரண்டு கண்ணிலும் ஒரு குறையும் இல்லை.

"உங்கள மாதிரி அப்பாவ நான் பார்த்ததில்ல சார்" என்றாள் அந்தப் பெண், சான்றில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "பிள்ளை பயம் போகணும்னு இப்படிக் கோமாளி வேஷம் போட எத்தனை பேருக்கு மனசு வரும்!" வேன்காரர் அசடு வழியச் சிரித்து வைத்தார்.

வண்டியில் ஏறியபோது மணி மூன்று. மூன்றரைக்குப் பிள்ளைகள் பள்ளி வாசலில் நிற்பார்கள். சாவியைப் போட்டார்.

"நல்லவேளைப்பா" என்று பெருமூச்சு விட்டாள் சிட்டு. "அந்த அக்கா கண்டுபிடிக்கல."

"எதைடா?"

"உங்களுக்குக் கண்ணு தெரியலங்கிறத. நான் சத்தமா சிரிச்சேன்ல, அதான் நம்பிட்டாங்க."

அவர் கை சாவியிலேயே நின்றது.

"உள்ள போனா உங்களயும் பார்ப்பாங்க, வேனப் பிடுங்கிடுவாங்கன்னுதான் வேணாம்னு அழுதேன். அன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட நீங்க சொன்னீங்கல்ல, அப்போ நான் தூங்கலப்பா." பிறகு பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்: "தினமும் நான் முன்னாடியே உட்கார்றேன். யாராவது குறுக்க வந்தா சொல்லிடறேன். போன வாரம் அந்த சைக்கிள் பையன் வந்தப்போ கத்தினேன்ல? நீங்க திட்டினீங்களே."

திட்டியிருந்தார். வண்டி ஓட்டும்போது வீலென்று கத்தாதே, சனியனே என்று திட்டியிருந்தார். சைக்கிளையும் அவர் பார்க்கவில்லை, பையனையும் பார்க்கவில்லை. அவருக்குத் தன் மீதே காறித் துப்பலாம் போலிருந்தது. ஏழு வயசுப் பிள்ளையின் தலையில் எதைத் தூக்கி வைத்திருக்கிறோம்!

சாவியை உருவினார். "இறங்குடா."

மறுபடி உள்ளே போனபோது அந்தப் பெண் அடுத்த பிள்ளையை நாற்காலியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். "என்ன சார், எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"நான் வேஷம் போடலம்மா" என்றார். "அந்தப் படம் ஒண்ணும் எனக்குத் தெரியல. நான் ஓட்டுறது ஸ்கூல் வேன். மூணரைக்கு வேற டிரைவர அனுப்பச் சொல்லி எங்க முதலாளிக்கு நீங்களே ஒரு போன் போட்டுடுங்க. நான் போட்டா எதையாவது சொல்லிச் சமாளிச்சிடுவேன்."

அந்தப் பெண்ணின் முகம் மாறிப்போனது. அவர் நீட்டிய போனை வாங்கினாள்.

சிட்டு அவர் கையை உதறினாள். "நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லையேப்பா! நீங்க ஏன்ப்பா சொன்னீங்க?" என்று கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அந்தப் பெண் முட்டிபோட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். இந்த முறை எதுவும் எடுபடவில்லை.