எண்பது டிகிரி

தண்ணீர் எழுபது டிகிரியைத் தொட்டபோது நஞ்சுண்டன் மூச்சுவிடவே மறந்திருந்தார். மின்அடுப்பை முன்னறைக்கே கொண்டுவந்து கட்டிலருகே வைத்திருந்தார்கள். பாத்திரத்துக்குள் கம்பியில் தொங்கியது, கட்டைவிரல் அளவேயான ஒரு பித்தளைத் துண்டு.

"ஊசி நகருதாங்க?" படுத்தபடியே கேட்டாள் புஷ்பவல்லி.

"இல்ல புஷ்பா."

"எண்பது வரட்டும்."

எண்பது வந்தது. எண்பத்தைந்தும் வந்தது. பித்தளையின் நுனியிலிருந்த ஊசி இம்மியும் நகரவில்லை.

"அவ்ளோதான், செத்துப்போச்சு," என்று சிரித்தாள். "தெர்மோஸ்டாட்தான்னு நாலு வருஷமா சொல்றேன். எவன் கேட்டான்?"

கராஜில் நின்ற வெள்ளை ஜெர்மன் கார் அவள் ரிட்டயரான வருடம் வாங்கியது, 1969 மாடல். குளிரில் உடனே கிளம்பும். சூடேறியதும் கரும்புகை கக்கி நின்றுவிடும். பார்த்த மெக்கானிக்குகள் எல்லோரும் பம்ப்பை மாற்றச் சொன்னார்கள். இந்த நாட்டுக்கு வருவதற்குமுன் கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்த புஷ்பவல்லி ஒத்துக்கொள்ளவில்லை. சூடு பட்டதும் தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் மெழுகு உருகி ஊசியைத் தள்ளவேண்டும். தள்ளினால்தான் பம்ப் பெட்ரோலைக் குறைக்கும். தள்ளாவிட்டால் எஞ்சின் இன்னும் குளிரில் இருப்பதாக நினைத்து ஊற்றிக்கொண்டே இருக்கும். திறந்து பார்ப்பதற்குள் கணையத்தில் கேன்சர் வந்துவிட்டது.

அன்று காலைதான் கடைசிநாள் பராமரிப்புக்கு வந்துபோகும் ஹாஸ்பிஸ் நர்ஸ் நஞ்சுண்டனைச் சமையலறைக்கு அழைத்து, இன்றோ நாளையோ என்றாள். அவள் போன அரைமணி நேரத்தில் பார்சல் வந்தது. புஷ்பவல்லி படுக்கையிலிருந்தே ஆர்டர் செய்த புது தெர்மோஸ்டாட்.

"புதுச மாட்டிரட்டுமா?"

"டெஸ்ட் பண்ணாம மாட்டக்கூடாதுங்க."

பழையதைக் காரிலிருந்து கழற்றிவந்திருந்த மகள் ஓவியா, பச்சைத்தண்ணீர் மாற்றிப் புதியதை இறக்கினாள். அறுபத்தைந்து. எழுபது. எழுபத்திரண்டில் அவள் கத்தினாள்.

"அப்பா! இட்ஸ் மூவிங்!"

ஊசி மெல்ல மெல்ல வெளியே வந்தது. நஞ்சுண்டன் தன்னையறியாமல் கைதட்டினார். அந்த வீட்டில் யாரும் கைதட்டி மாதங்கள் ஆகியிருந்தன.

"எத்தன மில்லிமீட்டர்?"

"மூணு... மூணரை இருக்கும்."

"போதும். போய் மாட்டுங்க."

அவர் அவளுடைய நகங்களைப் பார்த்தார். நீலம் பாய்ந்திருந்தது. "நான் இங்கயே இருக்கறேனே."

"இங்க இருந்து என்ன பண்ணப் போறீங்க? என் மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. ஜன்னலத் தொறந்து வெச்சுட்டுப் போங்க."

முப்பது வருடம் டேட்டாபேஸைக் கட்டி மேய்த்த மனிதர், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றியதில்லை. ஓவியாவும் அவருமாகக் காரை டிரைவ்வேக்குத் தள்ளிவந்தார்கள். ஜன்னல் வழியே புஷ்பவல்லி முனகலாகச் சொன்ன ஒவ்வொரு படியையும் ஓவியா உரக்கத் திருப்பிச் சொன்னாள். கூலண்ட் அவர் பேன்ட்டில் கொட்டியது. விரல்முட்டி உரிந்து ரத்தம் வந்தது. ஒருவழியாக மாட்டி முடித்துச் சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் உறுமியது. கொஞ்சம் புகை. சூடு காட்டும் முள் ஏறியது. ஐம்பது, அறுபது, எழுபது. வழக்கமாக இங்கேதான் இருமத் தொடங்கும். அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எண்பது. சத்தம் தணிந்தது, ஆனால் நிற்கவில்லை. பட்டுப்போல ஒரே சீராக ஓடியது. புகையே இல்லை.

அப்படியே ஓடவிட்டு ஜன்னலுக்கு ஓடினார். "புஷ்பா! ஓடுது! நிக்கலடி!"

"காது கேக்குதுங்க," என்றாள். கண்கள் மூடியிருந்தன. முகமெல்லாம் சிரிப்பு. "ஒருவாட்டி ரேஸ் பண்ணுங்க."

பண்ணினார். தெருவே அதிர்ந்தது.

எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் விரலிலிருந்த கிரீஸ் அவள் விரலில் ஒட்டியது. துடைக்க எடுத்த டிஷ்யூவை ஓவியா திரும்ப வைத்துவிட்டாள். கால்மணி நேரத்தில் புஷ்பவல்லியின் மூச்சு நின்றது.

நர்ஸ் வந்து நேரத்தைக் குறித்துக்கொண்டாள். உடலை எடுத்துப்போக ஃப்யூனரல் ஹோம் வேன் வந்தபோது டிரைவ்வேயில் இடமில்லை.

"அப்பா, கார மூவ் பண்ணணும்," என்றாள் ஓவியா.

அவர் போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். சூடு ஆறாத எஞ்சின், முதல் திருப்பிலேயே கிளம்பியது. சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு ரிவர்ஸ் எடுத்தார்.

எதிர்வீட்டில் புல்வெட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, வேனைக் கவனிக்காமல், புகையில்லாமல் ஓடும் காரையே பார்த்தார். வாயெல்லாம் பல்லாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

நஞ்சுண்டனும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.