வால்வர்த் வீதியில் சுவாமி

கலாவதி கங்கைத் தண்ணீரைக் கரண்டியில் எடுத்துப் புருஷனின் உதட்டருகே கொண்டுபோனபோதுதான் ரோட்டில் மணி கேட்டது. அவள் திரும்பிப் பார்க்க, தண்ணீர் தலையணையில் கொட்டியது.

"அம்மா, வந்திட்டினம்," என்றாள் மகள் மயூரா. "வில்மர் அங்கிள் சொன்னவர்தானே, அப்பாவுக்காக இந்த ரோட்டாலை சுவாமியைக் கொண்டு வருவினமெண்டு."

கட்டிலில் சண்முகராசா கண்மூடிக் கிடந்தார். காலையிலிருந்து மூச்சு இழுத்து இழுத்துத்தான் வந்தது. ஊரில் பிள்ளையார் கோயில் திருவிழாவில் சுவாமியைத் தோளில் காவிய மனுஷன். லண்டனில் ஆபீஸ் கிளீனிங்கில் கூட வேலை செய்த பெரு நாட்டுக்காரன் வில்மர் கூப்பிட்டான் என்று போய், ஒக்டோபரில் அவர்கள் தூக்கிவரும் இயேசுவுக்குத் தோள் கொடுத்தார். பிறகு விடவேயில்லை. வருடா வருடம் ஊதா அங்கி, இடுப்பில் வெள்ளைக் கயிறு. கலாவதிக்குப் பற்றிக்கொண்டு வரும். "எங்கடை சாமியள் காணாதோ உங்களுக்கு? வேதக்காரற்றை சாமியைப் போய்க் காவுறியள்!" என்று கத்துவாள். "தோளுக்குப் பாரம் ஒண்டுதான், கலா," என்பார் அவர். அந்த அங்கியைத் திட்டித் திட்டித் தோய்த்துக் கொடுத்தவளும் அவள்தான்.

நேற்று அவர் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று. "நாளைக்கு ஜன்னலைத் திறந்து விடுவியோ?" அவள் போர்வையை இழுத்து மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

"ஜன்னலைத் தொடாதை," என்றார் தேவாரப் புத்தகத்தோடு மோர்டனிலிருந்து வந்திருந்த அவளுடைய அண்ணன் குகதாசன். "சீவன் போற நேரம். இவையின்ரை சாமி வந்து நிண்டால் மனுசனுக்குப் போற வழி குழம்பிப்போகும்."

அவளுக்கும் அதே பயம்தான். இவ்வளவு காலம் கூட வாழ்ந்த மனுஷன் வழிதவறி வேறெங்காவது போய்விட்டால், தான் போகும்போது எங்கே என்று தேடுவது?

மணி மறுபடி அடித்தது. தலையணையில் அவர் முகம் மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பியது. அதைப் பார்த்த பிறகு அவளுக்கு மனம் கேட்கவில்லை.

"அண்ணை, நீங்கள் நிப்பாட்டாமல் தேவாரம் படியுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போய் ஜன்னலைத் திறந்தாள்.

அம்மாளாச்சி! ரோடு முழுக்க ஊதா. நடுவில் வெள்ளிச் சட்டத்துக்குள், பூக்களுக்கு மேலே, சிலுவையில் தொங்கும் கறுத்த சுவாமி. அந்தப் பெரிய பாரம் அசைந்து அசைந்து, ரோட்டை விட்டு அவளுடைய முதல் மாடி ஜன்னலை நோக்கி அப்படியே திரும்பியது. முன்னால் வெள்ளை முக்காடு போட்ட பெண்கள் தூபக்காலோடு பின்பக்கமாகவே நடந்துவந்தார்கள். அவள் வெள்ளிக்கிழமைகளில் போடும் அதே சாம்பிராணி வாசம் அறைக்குள் வந்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கை தானாகவே கூப்பிக்கொண்டது.

"ஏன் பிள்ளை பின்னாலை நடக்கினம்?"

"சுவாமிக்கு முதுகு காட்டக்கூடாதாம், அம்மா."

மணி அடிக்க, தூக்கிவந்தவர்கள் பாரத்தை இறக்கினார்கள். தோளில் சுமக்கும் முன்தண்டில் வில்மர் அழுதுகொண்டு நின்றான். அவனுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் இடத்தை விட்டிருந்தார்கள். அது யாருடைய இடம் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரோடே அடங்கிப்போயிருந்தது. குகதாசனின் தேவாரம் மட்டும் கேட்டது. கீழே நின்றவர்கள் அதையும் தலைகுனிந்து கேட்டார்கள்.

பிறகு தூக்குவதற்கான மணி அடித்தது.

போர்வைக்குள் சண்முகராசாவின் வலது தோள் எழுந்தது. கலாவதி தன் இரண்டு கண்ணாலும் கண்டாள். ஒரு சாண் எழுந்து, பாரத்தை வாங்கியதுபோல் நின்று, பிறகு மெல்லத் தணிந்தது. அடுத்த மூச்சு வரவில்லை.

மயூரா "அப்பா!" என்று விழுந்து அழுதாள். குகதாசன் புத்தகத்தை மூடினார். வெளியே காலடிச் சத்தம் தூரப் போய்க்கொண்டிருந்தது.

"தங்கச்சி," என்றார் கடைசியில். "சாமியறையிலை இருந்து குத்துவிளக்கை எடுத்துக்கொண்டு வா. தலைமாட்டிலை கொளுத்தவேணும்."

"ஓம் அண்ணை," என்றாள் கலாவதி.

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். கட்டிலைச் சுற்றி வந்து, அவர் முகத்தைப் பார்த்தபடியே, ஓர் அடி பின்னால் வைத்தாள். பிறகு இன்னோர் அடி. கதவு நிலை முதுகில் தட்டும்வரை அவள் திரும்பவேயில்லை.