பாஸ்டனுக்கு அனுப்பாத கட்டுரை

நவம்பர் ஒன்றாம் தேதிக்குள் ரெனி ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பாஸ்டனில் ஒரு பல்கலைக்கழகம், சிகாகோவில் ஒன்று. இரண்டிலும் மொழியியல் துறைக்கு நல்ல பெயர். இரண்டிலும் இடம் கிடைப்பது அரிது. கிடைத்துவிட்டால், வீட்டு நிலைமையைப் பார்த்து அவர்களே படிக்க வைப்பார்கள். ‘ஏர்லி டிசிஷன்’ என்ற முறையில் மற்றவர்களுக்கு முன்பே விண்ணப்பித்தால் வாய்ப்பு சற்றுக் கூடும். ஆனால் ஒரே ஒரு இடத்துக்குத்தான் அப்படி விண்ணப்பிக்க முடியும். அவர்கள் வா என்றால் போயே தீரவேண்டும். அதற்கு மாணவியும் பெற்றோரும் பள்ளியும் கையெழுத்துப் போட வேண்டும்.

அம்மா ஞானபாயைப் பொறுத்தவரை இதில் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லை. பாஸ்டன்தான்.

மூன்று வருடங்களுக்கு முன்பு ரெனியின் அண்ணன் லிபினுக்கு அதே பாஸ்டனில் இயற்பியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஆகஸ்டில் புறப்பட வேண்டியவன். ஜூன் மாதத்தில் ஒரு மழை நாள் சாயங்காலம், சிநேகிதன் ஷிபினின் புது பைக்கை வாங்கிக்கொண்டு போனவன், பாப்பனங்கோட்டுப் பக்கம் லாரியில் அடிபட்டு இறந்துபோனான். எதற்குப் போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. “அரை மணிக்கூர் வண்டியத் தாடே” என்று மட்டும் கேட்டதாக ஷிபின் சொன்னான். பையன் வேகம் பார்க்கப் போயிருக்கிறான் என்று ஆலயத்தில் சபையார் பேசிக்கொண்டார்கள். ஞானபாயும் அதையே நம்பினாள். அடக்கத்தன்றே, அழுகையின் நடுவில், “இந்த மழையில சுத்தப் போனியேடா” என்று அவனைத் திட்டினாள். அந்தக் கோபம் பிறகும் ஆறவில்லை. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்த அவள், பைக்கிலிருந்து விழுந்து வரும் பையன்களைக் கண்டால் வேறொருத்தியிடம் விட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள்.

அன்று லிபின் எங்கே போனான் என்பது ரெனிக்குத் தெரியும்.

“அவன் போகாத்த எடத்துக்கு நீ போகணும் மக்ளே,” என்றாள் ஞானபாய். அக்டோபர் தொடக்கத்தில் ஒரு காலை, மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். “அவனுக்க பேரு அங்க இருக்கு. அவங்க மறந்திருக்க மாட்டாங்க.”

“எனக்கு சிகாகோ நல்லாருக்கும்னு தோணுது அம்மா.”

“அங்க என்ன இருக்கு?”

“ஒரு வாக்கியத்துக்குள்ளயே ரெண்டு பாஷை கலந்து பேசுறவங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ற புரொபசர் ஒருத்தர் இருக்காங்க. நம்மள மாதிரி ஆளுங்களப் பத்தி.”

அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த அப்பா அருமைநாயகம் தட்டிலிருந்து நிமிர்ந்தார். “நாம பேசுறதப் படிக்க அவ்வளவு தூரம் போகணுமா?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. ஆனால் ஞானபாய் அதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு பேச்சை முடித்துவிட்டாள்.

ரெனிக்கே தன் மேல் நம்பிக்கை இல்லை. சிகாகோவை உண்மையிலேயே விரும்புகிறாளா, பாஸ்டனைக் கண்டு ஓடுகிறாளா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அண்ணன் உயிரோடு இருந்து, பாஸ்டனிலிருந்து வாரம் ஒருமுறை கூப்பிட்டுக்கொண்டிருந்தால் தான் எதைக் கேட்டிருப்போம் என்று யோசித்துப் பார்த்தாள்.

பள்ளியில் விண்ணப்பங்களைக் கவனித்துக்கொண்ட அஜிதா மிஸ் இரண்டுக்கும் கட்டுரை எழுதிப் பார்க்கச் சொன்னார். சிகாகோவுக்கான கட்டுரை இரண்டு நாளில் முடிந்தது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், பரீட்சையில் ஆங்கிலம் என்று வளர்ந்த கதை அது. பாஸ்டனுக்கு லிபினைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று மிஸ் மெதுவாகச் சொன்னார். ரெனி எழுதினாள். காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அவன் போட்ட கணக்குகள், மொட்டைமாடியில் அவன் காட்டிய சனிக்கிரகம். மிஸ் படித்துவிட்டு மலையாளத்தில், “நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல நீ எங்கயுமே இல்லையே,” என்றார்.

பூஜை விடுமுறைக்கு மறுநாள் ரெனி பாளையத்து நூலகத்துக்குப் போனாள். ஜன்னலோரம் ஓர் இடம் பிடித்து உட்கார்ந்து, மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாததைப் போனில் தட்டி எழுதினாள். அண்ணன் இறந்த அன்று, பாப்பனங்கோட்டைத் தாண்டிக் கரமனையில் டியூஷன் முடிந்து பஸ்ஸுக்கு நின்றாள். மழை பிடித்துக்கொண்டது. பஸ் வரவில்லை. அண்ணனுக்குப் போன் செய்து, வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். வருகிறேன் என்றான். ஒரு மணி நேரம் நின்றாள். மறந்துவிட்டான் என்று நினைத்து, கோபத்தோடு பஸ் ஏறி, வீடு இருக்கும் நேமத்தில் இறங்கினாள். வீட்டு முன்னால் ஆட்கள் கூடியிருந்தார்கள். எழுதி முடித்ததும் முதலிலிருந்து படித்துப் பார்த்தாள். திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

கிழக்கேகோட்டையில் ஒரு கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஞானபாய் காலை டியூட்டி முடிந்து வந்து, துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“எழுதியாச்சா? அவனைப் பத்தியா? காட்டு.”

இன்னும் முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ரெனி தாள்களை நீட்டினாள்.

ஞானபாய் நின்றபடியே படிக்கத் தொடங்கினாள். இரண்டாவது தாளில் கட்டிலில் உட்கார்ந்தாள். முடித்துவிட்டு, முதல் தாளுக்குத் திரும்பி மறுபடியும் படித்தாள்.

“எத்தன மணிக்கு விளிச்ச?”

“நாலே முக்கால்.”

“அவன் என்ன சொன்னான்?”

“‘அங்கயே நில்லு, நனையாத, நான் வாறேன்’னு சொன்னான்.”

“வேற?”

“வேற ஒண்ணும் சொல்லல்ல. சிரிச்சான்.”

ஞானபாய் தாள்களை மடியில் வைத்து ஓரங்களை நீவினாள். பிறகு, “எங்கிட்ட ஏன் சொல்லல்ல?” என்று கேட்டாள்.

“நீங்க அவனைத் திட்டிட்டு இருந்தீங்க. சொன்னா அந்தத் திட்டு எனக்கு வரும்னு பயமா இருந்தது. பெறகு நாள் போகப் போக, எப்பிடிச் சொல்றதுன்னே தெரியல்ல.”

ஞானபாய் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மடித்த துணியும் மடிக்காத துணியும் கட்டிலில் கிடந்தன. ரெனி மீதியை மடித்துவைத்தாள். சாயங்காலம் அருமைநாயகம் வந்தபோது, அந்தத் தாள்களை அவரிடமும் கொடுத்தாள். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். மகளின் தலையில் கையை வைத்தார்.

இரண்டு நாள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஞானபாய் வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். ரெனியின் தட்டில் சோறு வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணனைப் போல அம்மாவையும் இழந்துவிட்டோம் என்று ரெனி நினைத்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஞானபாய் அவள் மேஜைக்கு அருகில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“மூணு வருஷமா எனக்க பிள்ளைய நான் சும்மா திட்டிட்டு இருந்திருக்கேன்,” என்றாள். “அவன் ஊர் சுத்தப் போகல்ல. தங்கச்சியக் கூட்டிட்டு வரப் போனான்.”

ரெனி அழத் தொடங்கினாள்.

“கேளு. உன் மேல எனக்குக் கோவம் இருக்கு. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். நீ போன் பண்ணுனதுக்கு இல்ல. மழையில நிக்குற பிள்ள அண்ணனத்தான் விளிக்கும். நீ அதை எங்கிட்டேருந்து மறைச்சதுக்குத்தான். அது மாறும். கொஞ்ச நாள் எடுக்கும், அவ்வளவுதான்.”

“சரிம்மா.”

“இதை அங்க அனுப்பப் போறியா?”

“நீங்க சொன்னா அனுப்புறேன்.”

“வேண்டாம். இது அவங்களுக்குள்ளது இல்ல. நமக்குள்ளது.” தாள்களை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். “இப்ப அண்ணனை விட்டுட்டுச் சொல்லு. உனக்கு எங்க போகணும்?”

தெருவில் மீன்காரனின் ஸ்கூட்டர் ஹார்ன் அடித்துக்கொண்டு கடந்துபோயிற்று.

“சிகாகோ.”

“நிச்சயமா?”

“முழுசா நிச்சயம்னு சொல்லத் தெரியல்லம்மா. ஆனா பாஸ்டனுக்குப் போனா நான் அவனா இருக்கணும். எல்லாரும் அவனைத்தான் எதிர்பார்ப்பீங்க. எனக்கு அது வராது.”

ஞானபாய் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் சந்தோஷம் இல்லை. மூன்று வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்த ஒன்றை விடுவது அவளுக்குச் சுலபமாகவும் இல்லை. “பாஸ்டன்ல குளிரும் ஜாஸ்தி,” என்றாள் கடைசியில். சிகாகோவில் அதைவிடக் குளிரும் என்று ரெனி திருத்தவில்லை.

முப்பதாம் தேதி அருமைநாயகம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஒப்பந்தத்தை இரண்டு தடவை படித்தார். இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களை எல்லாம் திரும்பப் பெறுவோம் என்ற வரியில் விரலை வைத்து, “இது வந்தா பின்ன வேற வழி இல்ல, அல்லே?” என்றார்.

“இல்லப்பா.”

“கையெழுத்து எங்க போடணும்?”

“பேரை டைப் பண்ணுனா போதும்.”

ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடித் தன் பெயரை அடித்தார். ஞானபாய் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ரெனி பொத்தானை அழுத்தினாள்.

டிசம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்குக் கிளம்பும்போது பதில் வந்தது. சிகாகோ அவளை எடுத்துக்கொண்டிருந்தது. ரெனி இரண்டு முறை படித்துவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்தாள். ஞானபாய் படித்தாள். மகளைப் பக்கத்தில் இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அக்டோபருக்குப் பிறகு அவள் ரெனியைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனைக்கு மூவரும் போனார்கள். நன்றி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை செலுத்துகிறவர்கள் காரணத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பார்கள். போதகர் அதை வாசிப்பார். ஞானபாய் என்ன எழுதினாள் என்று ரெனிக்குத் தெரியாது. இரண்டு பேருடைய பிறந்தநாள் தாள்களை வாசித்த பிறகு போதகர் அதை எடுத்தார்.

“அருமைநாயகம் குடும்பத்தார், மகள் ரெனிக்குச் சிகாகோவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததற்காகவும்...” அவர் ஒரு கணம் நிறுத்தித் தாளைக் கிட்டே பிடித்துப் பார்த்தார். “மழையில் நின்ற தங்கையைக் கூட்டிவரப் போன வழியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்த மகன் லிபினின் அன்புக்காகவும் ஸ்தோத்திரம் செலுத்துகிறார்கள்.”

முன்வரிசையில் இருந்த சில பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரெனி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவின் கை அவள் கையைத் தேடி வந்து பிடித்தது.

ஷிபின் பின்வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பைக் கொடுத்தவன் என்று மூன்று வருடமாக ஊர் அவனைக் குறை சொல்லிவந்தது. அவனும் இவர்களைக் கண்டால் வேறு வாசல் வழியாகப் போய்விடுவான். அன்று ஆராதனை முடிந்தும் அவன் எழுந்திருக்கவில்லை. கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது ஞானபாய் நேராக அவனிடம் போனாள்.

“அவன் எதுக்கு வண்டி கேட்டான்னு எனக்கு இப்பத்தான் தெரியும் மக்கா,” என்றாள். “நீ குடுத்தது தப்பில்ல. கேட்டா யாரும் குடுப்பாங்க.”

ஷிபின் எழுந்து நின்றான்.

“கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வா,” என்றாள் ஞானபாய். “முன்ன வந்த மாதிரி.”

அவன் தலையசைத்தான். அருமைநாயகம் வந்து அவன் தோளில் கையைப் போட்டு வெளியே கூட்டிக்கொண்டு நடந்தார். ஞானபாயும் ரெனியும் அவர்களுக்குப் பின்னால் வந்தார்கள்.